90 சதவீத வெற்றி: யாரை விட்டுவிட்டு எண்ணினார்கள்?

"போதைச் சிகிச்சை மையங்கள் 80 சதவீதம், 90 சதவீதம் வெற்றி என்று விளம்பரம் செய்கின்றன. இதை நம்பலாமா? இந்தச் சிகிச்சையின் தரத்தை ஒழுங்காக அளக்க வழி உண்டா? அளந்தால் மட்டும் தரம் உயர்ந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மையங்களின் பதிவேடுகளைப் புரட்டித் தரத்தை மதிப்பிடுவது என் வேலை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. எந்தச் சதவீதத்தைக் காட்டினாலும், அது எத்தனை பேரில் எடுத்த சதவீதம் என்று கேளுங்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மையத்தில் 100 பேர் சேர்கிறார்கள். பாதியிலேயே 60 பேர் போய்விடுகிறார்கள். மீதி 40 பேர் முழுக்காலமும் இருந்து முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தால் அவர்களில் 20 பேர்தான் எடுக்கிறார்கள். அந்த 20 பேரில் 18 பேர் "இப்போது தொடுவதில்லை" என்கிறார்கள். விளம்பரத்தில் "90 சதவீத வெற்றி" வந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்தவர்களில் 80 பேரைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுக்காதவர்கள் பெரும்பாலும் நன்றாக இருப்பவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது இந்தத் துறையில் யாருக்கும் தெரியும். அதனால்தான் அக்கறையுள்ள ஆய்வாளர்கள், கண்டுபிடிக்க முடியாதவர்களை மீண்டும் பயன்படுத்துபவர்களாகவே வைத்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன மையத்தின் வெற்றி 18 சதவீதம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆனால் விளம்பரத்துக்குப் போவது எப்போதும் ஒரே பக்கத்து எண்தான்.

"சிகிச்சையை முடித்தவர்கள்" என்று எண்ணுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இது வெறும் கணக்குப் பிழை அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. 2003ஆம் ஆண்டு பிரிட்டனில் ஜான் ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெராயின் போன்ற ஓப்பியாய்டு போதைக்காக உள்நோயாளியாகச் சேர்ந்து நச்சு நீக்கச் சிகிச்சை (உடலிலிருந்து போதைப்பொருளை வெளியேற்றும் சிகிச்சை) பெற்ற 137 பேரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சையை முழுமையாக முடித்து, உடலில் போதையே இல்லாத நிலையில் வெளியேறியவர்கள் 37 பேர். மற்றவர்கள் வெவ்வேறு கட்டங்களில் பாதியில் போனவர்கள். அடுத்த நான்கு மாதங்களில் போதைப்பொருளை மிகை அளவில் எடுத்ததால் மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே அந்த 37 பேரில்தான் இருந்தார்கள். மையத்தின் பதிவேட்டில் "வெற்றிகரமாக முடித்தவர்" என்று எழுதப்பட்டவர்கள் அவர்கள்.

காரணம் மர்மமானது அல்ல. ஓப்பியாய்டைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது உடல் அதைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. சில வாரங்கள் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. ஆசை மட்டும் போவதில்லை. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இந்த அபாயத்தை நோயாளியிடமும் குடும்பத்திடமும் சொல்லாமல், மிகை அளவின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோனைக் கையில் கொடுக்காமல், அடுத்த கட்டச் சிகிச்சைக்கு நாள் குறிக்காமல் சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பும் மையம், தன் ஏட்டில் ஒரு வெற்றியைக் கூட்டிக்கொண்டு ஒருவரை ஆபத்தில் தள்ளுகிறது. ஓப்பியாய்டைப் பொறுத்தவரை, தொடர் சிகிச்சை இல்லாத நச்சு நீக்கத்தைச் சிகிச்சை என்றே நான் ஏற்பதில்லை. கடுமையாகத் தோன்றலாம். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

2017ஆம் ஆண்டில் பல நாடுகளின் 19 தொடர் ஆய்வுகளைத் திரட்டிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் ஓப்பியாய்டு போதைக்கு மருத்துவக் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுக்கும் மருந்துகள். மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3. சிகிச்சையை விட்டு வெளியே இருக்கும் காலத்தில் அது 36.1. புப்ரெனார்ஃபினுக்கு இதே எண்கள் 4.3, 9.5. ஒரு மருந்தை உட்கொள்ளும் காலத்திலும் விட்ட காலத்திலும் சாவு விகிதம் இவ்வளவு மாறுகிறது என்றால், ஓப்பியாய்டுச் சிகிச்சையில் தரத்தின் முதல் அளவுகோல் என்ன என்று யோசிக்கவே வேண்டாம். இந்த மருந்துகள் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன, கிடைத்தவர்கள் ஆறு மாதம், ஓராண்டு கழித்தும் அதில் நீடிக்கிறார்களா என்பதுதான் அது. "எத்தனை பேர் மருந்தே இல்லாமல் வெளியேறினார்கள்" என்பதைப் பெருமையாகச் சொல்லும் மையம், அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? போதை நோயை எலும்பு முறிவுபோல நினைத்து அளப்பதில். 2000ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் உள்ளிட்ட நால்வர் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் பேச்சையே மாற்றியது. சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர்கள் ரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். அந்த நோய்களிலும் மருந்தை ஒழுங்காகப் பின்பற்றாதவர்களின் எண்ணிக்கை, மீண்டும் நோய் முற்றி மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை எல்லாம் ஏறக்குறைய இதே அளவில்தான் இருந்தன. வித்தியாசம் நாம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால், "மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது" என்கிறோம். போதைச் சிகிச்சையை நிறுத்தியதும் பழக்கம் திரும்பினால், "சிகிச்சை தோற்றது" என்கிறோம். நாள்பட்ட நோய் என்று ஒப்புக்கொண்டால், சிகிச்சையின் பலனைச் சிகிச்சை நடக்கும்போதே அளக்க வேண்டும். வாரா வாரம், மாதா மாதம் அளந்து, சரிவராதபோது சிகிச்சையை மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்து ஓராண்டு கழித்து ஒரே ஒரு முறை தொலைபேசியில் கேட்பது, அளவீட்டில் மிகப் பலவீனமான வகை.

இனி எதை அளப்பது என்ற விஷயத்துக்கு வருவோம். மருத்துவத் தரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் மருத்துவத் தர ஆய்வாளர் அவெதிஸ் டொனபெடியன் 1966இல் போட்டுத் தந்த பாதையில்தான் இன்னும் நடக்கிறார்கள்: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டமைப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உரிமம், பயிற்சி பெற்ற ஆட்கள், மருத்துவர் அழைத்தால் வருகிறாரா, இரவில் செவிலியர் உண்டா, இவை இல்லாவிட்டால் மேலே பேசவே இடமில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் சேர்ந்து 2020இல் திருத்தி வெளியிட்ட சர்வதேசத் தரநிலைகளில் இவை விரிவாக உள்ளன. ஆனால் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கும் மையத்திலும் சிகிச்சை மோசமாக நடக்கலாம். ஆகவே சுவாரஸ்யம் தொடங்குவது செயல்முறையில்தான்.

செயல்முறை அளவுகோல் என்றால், பலன் தரும் என்று ஏற்கெனவே நிரூபணமான காரியத்தை மையம் செய்கிறதா என்று பார்ப்பது. மெத்தடோனையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் தேவைப்படும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் நோயாளி தடுமாறுவார், வெளியே வாங்குவார், கடைசியில் நின்றுவிடுவார். அமெரிக்காவின் மெத்தடோன் மையங்களை ஆராய்ந்த டி'ஆனோவும் பொல்லாக்கும் 1988இல் கிட்டத்தட்ட 80 சதவீத நோயாளிகள் 60 மில்லிகிராமுக்குக் குறைவாகவே பெற்றார்கள் என்று கண்டார்கள். 2000ஆம் ஆண்டில் அது 35.5 சதவீதமாக இறங்கியிருந்தது. இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. அதே மருந்தைச் சரியான அளவில் கொடுக்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். தர உயர்வு என்பது பெரும்பாலும் இப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும். அதனால்தான் அது செய்திகளில் வருவதில்லை.

மதுவுக்கும் இதே போன்ற கேள்விகள் உண்டு. குடியை நிறுத்தும் முதல் சில நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் உயிருக்கு ஆபத்தாகலாம். நடுக்கம், வியர்வை, பதற்றம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவுசெய்து அதற்கேற்ப மருந்து கொடுக்கும் அட்டவணை இருக்கிறது. அது நோயாளியின் கோப்பில் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவு நேரக் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: இரவு முழுவதற்குமான மதிப்பெண்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி எண்களாக இருந்தால் அவை காலையில் உட்கார்ந்து எழுதியவை. தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கப்பட்டதா? குடியைத் தவிர்க்க உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றி நோயாளியிடம் பேசவாவது செய்தார்களா? இவை விலை உயர்ந்த கேள்விகள் அல்ல. 20 கோப்புகளை எடுத்து ஒரு மதிய வேளையில் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் காப்பீட்டுத் திட்டங்களை மதிப்பிடும் ஹெடிஸ் தொகுப்பில் இரண்டு எளிய செயல்முறை அளவுகோல்கள் வெகுகாலமாக இருக்கின்றன. போதை நோய் என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர் 14 நாட்களுக்குள் சிகிச்சையைத் தொடங்கினாரா என்பது ஒன்று. தொடங்கியபின் 34 நாட்களுக்குள் இன்னும் இரண்டு தடவையாவது சிகிச்சை பெற்றாரா என்பது மற்றது. இவற்றை எனக்குப் பிடிக்கும். காரணம், மையம் வசதிக்கேற்ப ஆட்களைக் கழித்துக்கட்ட முடியாது. நோய் கண்டறியப்பட்ட எல்லாரும் கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் இவற்றை மிகையாகவும் நம்பக் கூடாது. இந்த அளவுகோலை எட்டியவர்களின் நிலைமை எட்டாதவர்களைவிட மேம்பட்டதாக ஆய்வுகள் காட்டினாலும், அந்த மேம்பாடு மிதமானதுதான். மூன்று தடவை வந்தார் என்பதைத்தான் அது சொல்கிறது. வந்தவருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

உள்ளே நடப்பதை அளப்பது கடினம், ஆனால் முடியாததல்ல. அதிகம் குடிப்பவர்களிடம் ஆலோசகர்கள் பேசும் உரையாடல்களை ஆராய்ந்து வில்லியம் மில்லரும் சகாக்களும் 1993இல் ஒன்றைக் காட்டினார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து வாதாடி, குற்றம் சுமத்திப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்தார். "உடைத்துத்தான் திருத்த வேண்டும்" என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. நோயாளியின் ஒப்புதலோடு மாதம் ஒரு உரையாடலைப் பதிவுசெய்து, மூத்த ஆலோசகர் ஒருவர் உடன் உட்கார்ந்து கேட்பது, பத்துப் பயிற்சிப் பட்டறைகளைவிடப் பயன் தரும். பட்டறையில் கற்றது, திரும்பி வந்து யாரும் கேட்காவிட்டால், சில மாதங்களில் கரைந்துவிடுகிறது.

விளைவை அளப்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் 2007 முதல் பயன்படுத்தும் சிகிச்சை விளைவுப் படிவம் எனக்குப் பிடித்த கருவிகளில் ஒன்று. மொத்தம் 20 கேள்விகள். கடந்த 28 நாட்களை நான்கு வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்திலும் எத்தனை நாள் குடித்தீர்கள், எத்தனை நாள் ஹெராயின், எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்கிறது. உடல் நலம், மன நலம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றுக்கு நோயாளியே 0 முதல் 20 வரை மதிப்பெண் போடுகிறார். வீடு இருக்கிறதா, வெளியேற்றப்படும் நிலையா என்பதும் உண்டு. பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சேரும்போது ஒன்று, பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒன்று, வெளியேறும்போது ஒன்று என்று நிரப்பி, அருகருகே வைத்துப் பார்க்கலாம். மாதத்தில் 26 நாள் குடித்தவர் இப்போது 7 நாள் குடிக்கிறார் என்றால், "விட்டாரா, விடவில்லையா" என்ற கேள்வியில் அவர் தோல்வி. இந்தப் படிவத்தில் அவருக்கு நடந்திருப்பது தெரியும். நோயாளிகளில் கணிசமானவர்கள் இந்த இடைநிலையில்தான் இருக்கிறார்கள்.

படிவத்தை நிரப்பி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அதில் பயனில்லை. ஆலோசகரும் நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்து, "போன மாதம் மன நலத்துக்கு 12 போட்டிருந்தீர்கள், இப்போது 5. என்ன நடந்தது?" என்று பேசும்போதுதான் அது சிகிச்சையின் பகுதியாகிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இதையே சொல்வேன். மருந்தளவை மாற்றவும் பேச்சைத் தொடங்கவும் அது உதவும். ஆனால் போதை தெரிந்தால் வெளியேற்றிவிடுவது என்று மையம் விதி வைத்தால், உள்ளே இருப்பவர்களின் பரிசோதனை முடிவுகள் மட்டும் அழகாகிக்கொண்டே போகும். நோய் இருக்கிறது என்பதற்காக நோயாளியை அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்து எடுத்த கணக்கு அது. இப்படி வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலைத் தரத் தயங்கும் மையத்தின் மற்ற எண்களை நான் பார்ப்பதுகூட இல்லை.

அளவீட்டைப் பணத்தோடு கட்டினால் என்ன ஆகும்? இரண்டு விதமாகவும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1990களில், மையங்களுக்கு அரசு கொடுக்கும் பணத்தை விளைவோடு இணைத்தார்கள். பிறகு வந்த ஆய்வு ஒன்று, அந்த ஏற்பாட்டுக்குப் பின் அரசுப் பணத்தில் சிகிச்சை பெற்றவர்களில் மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களின் பங்கு குறைந்தது என்று காட்டியது. தேறிவிடக் கூடியவரைச் சேர்த்தால் மதிப்பெண் கூடும், தேறாதவரைச் சேர்த்தால் குறையும் என்றால், வாசலில் நிற்பவரைப் பார்த்து மையம் என்ன முடிவெடுக்கும் என்பதை ஊகிக்க ஆய்வே வேண்டியதில்லை. ஆகவே விளைவை ஒப்பிடும்போது, நோயின் கடுமை, கூடவே உள்ள மனநோய், வீடு, வேலை, முந்தைய சிகிச்சைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிக்கட்ட வேண்டும். 1980இல் மெக்லெல்லன் குழு உருவாக்கிய போதைக் கடுமைக் குறியீடு போன்ற கருவிகள் இதற்குத்தான் கைகொடுக்கின்றன. அப்படிச் சரிக்கட்டாத தரவரிசை, கடினமான நோயாளிகளை ஏற்கும் மையத்தைத் தண்டிக்கிறது.

டெலவேர் மாநிலம் வேறு மாதிரி செய்தது. 2001 தொடங்கி, புறநோயாளி மையங்களுக்கான ஒப்பந்தத்தில் அது இறுதி விளைவைக் கேட்கவில்லை. எந்த முறையில் சிகிச்சை தர வேண்டும் என்றும் சொல்லவில்லை. இருக்கும் இடங்கள் நிரம்புகின்றனவா, நோயாளிகள் தொடர்ந்து வருகிறார்களா என்பதை மட்டும் பார்த்தது. எட்டினால் கூடுதல் பணம், எட்டாவிட்டால் குறைவு. மையங்கள் தாமாகவே மாலை நேரத்தில் திறந்தன, இடத்தைச் சீர்படுத்தின, ஆலோசகர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தன. 2001க்கும் 2006க்கும் இடையில் இடங்களின் பயன்பாடு 54 சதவீதத்திலிருந்து 95 ஆனது. போதுமான அளவு பங்கெடுத்த நோயாளிகள் 53 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். நோயாளிகளின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, அதாவது கடினமானவர்களைக் கழித்துக்கட்டவில்லை. இரண்டு மாநிலங்களையும் வைத்து நான் எடுக்கும் முடிவு இது: மையத்தின் கையில் இருப்பதற்குப் பணத்தைக் கட்டுங்கள். நோயாளியின் வாழ்க்கை மொத்தமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றுக்கு மையத்தின் சம்பளத்தைக் கட்டாதீர்கள்.

சரி, பணமும் சட்டமும் நம் கையில் இல்லை, ஒரு மையத்தை நடத்துகிறோம், எங்கே தொடங்குவது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் கஸ்டாஃப்சன் முன்னின்று 2003இல் தொடங்கிய, போதைச் சிகிச்சை மையங்களின் நடைமுறைகளைச் சீராக்கும் நயாடெக்ஸ் திட்டம் இதற்கு ஒரு நல்ல முறையைத் தந்திருக்கிறது. முதல் காரியம், மையத்தின் தலைவரே நோயாளியாக நடித்துத் தன் மையத்துக்குள் நுழைவது. ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆளைப் பிடிக்கும் வேலை அல்ல இது.

வெளியிலிருந்து உங்கள் மையத்தின் எண்ணை அழையுங்கள். எத்தனை மணி அடித்தபின் எடுக்கிறார்கள்? மதிய உணவு நேரத்தில் எடுக்கிறார்களா? எடுத்தவர் "திங்கட்கிழமை காலையில் கூப்பிடுங்கள்" என்கிறாரா? திங்கட்கிழமை கூப்பிட்டால் "மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்கிறாரா? அந்த நாளில் போனால் பூட்டிய கதவின் அருகே எந்த மணியை அழுத்துவது என்று தெரிகிறதா? வரவேற்பில் ஒரு படிவம், செவிலியரிடம் ஒரு படிவம், ஆலோசகரிடம் ஒரு படிவம், மூன்றிலும் அதே முகவரி, அதே குடும்ப விவரம், அதே "எந்த வயதில் முதலில் குடித்தீர்கள்?" என்ற கேள்வி. இரண்டு மணி நேரம் கழித்தும் உங்களிடம் யாரும், "இன்று எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். இதைத் தானே அனுபவித்த தலைவருக்கு எதை மாற்ற வேண்டும் என்று ஆலோசனை நிறுவனம் வந்து சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வருவது சில நாட்களுக்கோ சில மணி நேரத்துக்கோதான். மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தால் அவர் வர மாட்டார். அவர் வராததை நாம் "ஆர்வமில்லை" என்று எழுதிவைப்போம்.

நயாடெக்ஸில் முதலில் சேர்ந்த மையங்கள், முதல் தொடர்புக்கும் சிகிச்சைக்கும் இடையிலான சராசரிக் காத்திருப்பை 19.6 நாளிலிருந்து 12.4 நாளாகக் குறைத்தன. முதல் அமர்வுக்கு வந்தவர்களில் இரண்டாவது அமர்வுக்கும் வந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 85 சதவீதமானார்கள். பெரிய முதலீடு எதுவும் இல்லை. ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வது, இரண்டு வாரம் சிறிய அளவில் செய்து பார்ப்பது, எண்ணைப் பார்ப்பது, பலித்தால் விரிப்பது, பலிக்காவிட்டால் விடுவது. பின்னர் ஐந்து மாநிலங்களில் 201 மையங்களை வைத்து, இந்த முறையைப் பரப்ப எது சிறந்த வழி என்று சோதித்தார்கள். அனுபவமுள்ள ஒருவர் மையத்தோடு தொடர்ந்து பேசி வழிகாட்டுவது மட்டுமே, எல்லா வழிகளையும் கலந்து செய்ததற்குச் சமமான பலனை ஏறக்குறையக் கொடுத்தது. செலவோ அதைவிடக் குறைவு. கூட்டுத் தொலைபேசிக் கலந்துரையாடல்கள் மட்டும் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. இதுபோன்ற கலந்துரையாடல்களில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இது ஆச்சரியம் தராது.

சிறிய மையங்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலாண்டுக்கு 15 பேர் சேரும் இடத்தில், ஒருவர் கூடுதலாக நின்றுவிட்டாலே சதவீதம் ஏழு புள்ளி இறங்கிவிடும். அதற்காகக் கூட்டம் போட்டு ஆலோசகரைக் கடிந்துகொள்வது அபத்தம். மாதா மாதம் வரைபடத்தில் புள்ளி வைத்து, ஓராண்டுக் கோட்டைப் பாருங்கள். ஒரே திசையில் ஆறேழு புள்ளிகள் தொடர்ந்து போனால்தான் ஏதோ நடந்திருக்கிறது. சதவீதத்தைவிட, விட்டுப்போனவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பது சிறிய இடங்களில் அதிகம் சொல்லித்தரும். எந்த நாளில் நின்றார், அதற்கு முந்தைய அமர்வில் என்ன பேசினார்கள், அவர் வராத அன்று யாராவது அழைத்தார்களா?

வெளியே நிற்பவர்களில் மையத்தின் பக்கமே வராதவர்கள்தான் பெரும் பகுதி. ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி, 2022இல் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ள 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது. பெண்களில் அது 18 பேரில் ஒருவர். ஒரு மையத்தின் பதிவேட்டில் பெண்களே இல்லை என்றால், "இங்கே பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். குழந்தையோடு வந்து தங்க இடம் உண்டா, பெண் ஆலோசகர் உண்டா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

மரியாதையையும் உரிமையையும் பலர் தரத்தின் கடைசி வரியில் போடுகிறார்கள். அவை முதல் வரியில் இருக்க வேண்டியவை. அடைத்துவைப்பது, அடிப்பது, கட்டிவைப்பது, சம்மதமின்றிச் சேர்ப்பது ஆகியவை நடக்கும் இடத்தில் தங்கியிருப்போர் எண்ணிக்கை நூறு சதவீதமாகத்தான் இருக்கும். பூட்டிய கதவின் பின்னால் எல்லாருமே சிகிச்சையைத் தொடர்பவர்கள்தான். 2012இல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து, கட்டாயத் தடுப்பு மையங்களை மூடும்படி அரசுகளைக் கேட்டுக்கொண்டன. நோயாளியின் கருத்தைக் கேட்கும்போதும், சம்பளம் வாங்கும் ஊழியர் எதிரில் நின்று நிரப்பச் சொல்லும் படிவத்துக்கு மதிப்பில்லை. முன்பு சிகிச்சை பெற்று இப்போது அந்த மையத்தோடு தொடர்பில்லாத ஒருவர் தனியாகக் கேட்டால் வரும் பதில் வேறாக இருக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்காக மையம் தேடுகிறீர்கள் என்றால், இந்த அத்தனையையும் சரிபார்க்க முடியாது. இவற்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் தொடர்பில் இருந்தார்கள்? இந்த நோய்க்கான மருந்துகளைத் தருகிறீர்களா, தராவிட்டால் ஏன்? சிகிச்சை நடக்கும்போது அவர் மீண்டும் பயன்படுத்தினால் என்ன செய்வீர்கள்? வெளியே வந்தபின் முதல் சந்திப்பு எந்தத் தேதியில், யாரோடு? நான்காவது கேள்விக்குத் தேதியும் பெயரும் வராமல் "தொடர்பில் இருப்போம்" என்று பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.

மையத்தை நடத்துபவராக இருந்தால், இன்னொரு ஏட்டையும் தொடங்குங்கள். வெளியேறி ஓராண்டுக்குள் இறந்துபோனவர்களின் ஏடு. அநேக இடங்களில் இந்தத் தகவல் காற்றுவாக்கில்தான் வருகிறது, யாரும் எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மருத்துவர், செவிலியர், ஆலோசகர் மூவரும் கோப்போடு உட்காருங்கள். கடைசியாகக் கொடுத்த மருந்தளவு என்ன, வெளியேறிய நாளில் நலாக்சோன் கையில் இருந்ததா, அடுத்த சந்திப்புக்கு அவர் வராதபோது எத்தனை நாள் கழித்து அழைத்தோம் என்று பாருங்கள். யார் மேல் தவறு என்று தேடும் கூட்டமாக அது மாறினால் அடுத்த மரணத்தை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே அங்கே பேசுவதை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.